பட்டிக்கு அடியில தகரம் இருக்கா?

பழைய வண்டி வாங்கப் போறவங்க பெரும்பாலும் முன்பக்கத்தைத்தான் பாப்பாங்க. பானெட்டைத் தூக்கி, எஞ்சின் சத்தம் கேட்டு, புகை என்ன கலர்ல வருதுன்னு பாத்து, ரெண்டு ரவுண்டு ஓட்டிட்டு அட்வான்ஸ் குடுத்துடுவாங்க. பின்னாடி போய் டிக்கியைத் திறந்து, மேட்டைத் தூக்கிப் பாக்கிற ஆளு ரொம்பக் கம்மி. ஆனா மக்களே, வண்டி சாகுறது பின்னாடியிலருந்துதான். குறிப்பா கடலோரத்து வண்டி.

இது எங்க தாத்தாவோட 1972 மாடல் அம்பாசடர் மார்க் டூ பத்தின கதை. கொஞ்சம் நீளம். டீ குடிச்சுட்டு வந்து படிங்க :)

புதுக்கோட்டை மாவட்டம்னா எல்லாருக்கும் சித்தன்னவாசல், திருமயம் கோட்டை, குடுமியான்மலைன்னு பாறையும் பொட்டல்காடும்தான் ஞாபகத்துக்கு வரும். கிழக்கால சுமார் 40 கிலோமீட்டருக்குக் கடற்கரையும் இருக்கு. கட்டுமாவடி, மணமேல்குடி, ஜெகதாப்பட்டினம், கோட்டைப்பட்டினம்னு வரிசையா ஊருங்க. தாத்தா கோட்டைப்பட்டினத்துல மீன் ஏலம் எடுத்து அறந்தாங்கிக்கும் புதுக்கோட்டைக்கும் அனுப்புறவர். லாரி வராத நாள்ல ஐஸ் பெட்டியோட மீனை இந்த வண்டி டிக்கியிலதான் ஏத்துவார். ஐஸ் உருகின தண்ணி, மீன் கழுவின தண்ணி, உப்பு.. அத்தனையும் டிக்கியோட அடித்தகட்டுலதான் வடியும். பத்தாததுக்கு கடல் காத்து. அதுக்கும் மேல, 2018 நவம்பர் 16-ம் தேதி கஜா புயல். ஷெட் கூரை அப்படியே வண்டி மேல சரிஞ்சு, ஈரக் கீத்துக்கு அடியில ரெண்டு மாசம் கிடந்தது. கரண்டு இல்ல, தண்ணி இல்ல, தென்னந்தோப்பெல்லாம் சாஞ்சு கிடக்கு. அந்த நேரத்துல வண்டியை யாரு பாக்க?

துருங்கிறது பெரிய மேட்டர் இல்ல. இரும்பு, தண்ணி, காத்துல இருக்கிற ஆக்ஸிஜன் மூணும் சேந்தா போதும். அதுல உப்பு கலந்துட்டா அந்தத் தண்ணி மின்சாரத்தை நல்லாக் கடத்தும், அரிக்கிற வேலை பல மடங்கு வேகமா நடக்கும். அதுலயும் மோசமான இடம், ரெண்டு தகடு ஒண்ணு மேல ஒண்ணு உக்காந்து ஸ்பாட் வெல்டு ஆன ஓரம். முடி அளவு இடைவெளிதான் இருக்கும். உள்ள போன தண்ணி காயவே காயாது. துருவுக்கு இரும்பை விட இடம் அதிகமா வேணும். அதனால அது ஊதி ஊதி ரெண்டு தகட்டையும் பிரிச்சு விட்டுடும். பிரிஞ்ச இடத்துல இன்னும் தண்ணி, இன்னும் துரு. இப்ப வர்ற வண்டிகள்ல பெரும்பாலும் துத்தநாகம் பூசின தகடு போடுறாங்க. மொத்த பாடியையும் பெயிண்ட் தொட்டியில முக்கி, மின்சாரம் பாய்ச்சி, உள் மூலை வரைக்கும் பெயிண்டைப் பிடிக்க வைக்கிறாங்க. 1972 வண்டிக்கு அந்தக் கொடுப்பினை இல்ல.

வண்டியை அறந்தாங்கியில ஒரு பட்டறைக்குக் கட்டி இழுத்துட்டுப் போனோம். அங்க டிங்கர் பாய்னு ஒருத்தர். அறுபதைத் தாண்டினவர். அப்பா போன உடனே சொன்னது ஒரே விஷயம். "பட்டி பாத்து பெயிண்ட் அடிச்சுக் குடுங்க பாய். பொண்ணுக்குக் கல்யாணம், மூணு வாரம் இருக்கு. தாத்தா வண்டியிலதான் மண்டபத்துக்கு வரணும்."

பாய் பதில் சொல்லல. சட்டைப் பையிலருந்து ஒரு சின்ன காந்தத்தை எடுத்தார். பழைய ஸ்பீக்கர்லருந்து உடைச்ச துண்டு. பின் கதவுக்குப் பின்னாடி வெச்சார், டக்குனு ஒட்டுச்சு. வீல் ஆர்ச் பக்கம் நகத்தினார், லேசா ஒட்டுச்சு. வீலுக்குப் பின்னாடி கீழ் மூலையில வெச்சார், பொத்துனு தரையில விழுந்தது. அங்க இரும்பே இல்ல. எப்பவோ ஒரு பட்டறையில (பேரு வேணாம் விடுங்க) ஓட்டைக்குக் கம்பி வலையை அடைச்சு, அது மேல ஒரு இஞ்ச் தடிமனுக்குப் பட்டி பூசி, பெயிண்ட் அடிச்சுக் குடுத்திருக்காங்க. வெளிய பளபளன்னு இருந்தது. உள்ள காத்து.

எங்க ஆபீஸ்லயும் இதே கதைதான். பதினஞ்சு வருஷத்து ப்ரோக்ராம், ஒரு தப்பை மறைக்க இன்னொரு பேட்ச், அது மேல இன்னொண்ணு. ஸ்கிரீன்ல எல்லாம் நல்லாத்தான் தெரியும். என்ன, அங்க யாரும் பின் சீட்ல உக்காந்து போறதில்ல.

"பெயிண்டு நல்லா வந்துடும்ண்ணே"ன்னார் பாய். "பின்னாடி மட்டும் ஆளு ஏத்தாதீங்க."

அப்பாவுக்குக் கோவம். அம்பாசடராச்சே, டேங்கு மாதிரி வண்டியாச்சேன்னார். பலரும் நினைக்கிறது அதுதான். ஆனா அம்பாசடருக்கு லாரி மாதிரி தனி சேஸி கிடையாது. இங்கிலாந்தோட மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு சீரிஸ் த்ரீயை அடிப்படையா வெச்சு செஞ்ச வண்டி அது. பாடிதான் அதுக்கு எலும்புக்கூடு. நம்ம வண்டலூர் பக்கம் செஞ்ச ஸ்டாண்டர்டு ஹெரால்டு வேற மாதிரி. அதுக்குத் தனி சேஸி, பாடி துண்டு துண்டா போல்ட்டுல நிக்கும், கழட்டி மாத்தலாம். அம்பாசடர்ல பின் சக்கரத்தைத் தாங்குற லீஃப் ஸ்பிரிங்கோட பின் முனை நேரா பாடியோட அடிப்பகுதியிலதான் மாட்டியிருக்கு. அந்த இடம் அரிச்சுப் போச்சுன்னா, ஒரு பள்ளத்துல வண்டி இறங்கும்போது ஸ்பிரிங் தகட்டைப் பிச்சுக்கிட்டு மேல வந்துடும்.

பாய் வண்டியை ஜாக்கியில தூக்கி, மரக்கட்டை வெச்சு முட்டுக் குடுத்தார். "நீங்களே பாருங்கண்ணே." அப்பா வேட்டியை மடிச்சுக்கட்டிக்கிட்டு ஒரு சாக்கைப் போட்டு மல்லாக்கப் படுத்து, ஸ்பிரிங் மாட்டுற இடத்துல விரலை வெச்சார். விரல் உள்ள போச்சு.

எந்திரிச்சு வந்து கையைத் தட்டிக்கிட்டு ரொம்ப நேரம் பேசாம நின்னார். அப்புறம், "வெட்டிருங்க பாய்."

தங்கச்சி வாடகை இன்னோவாவுல மண்டபத்துக்கு வந்தா. அப்பா அந்த வண்டி பக்கமே போகல.

சரி, வேலைக்கு வருவோம். இதே வேலையில கை வைக்கப் போறவங்களுக்காகக் கொஞ்சம் விவரமா எழுதறேன்.

முதல் வேலை பெட்ரோல் டேங்கைக் கழட்டி பட்டறைக்கு வெளிய தூரமா வைக்கிறது. வெட்டுற தீப்பொறிக்கும் பெட்ரோல் ஆவிக்கும் ஆகாது. டேங்க் காலியா இருந்தா இன்னும் ஆபத்து, உள்ள ஆவிதான் நிறைஞ்சிருக்கும். பேட்டரி கனெக்‌ஷனையும் எடுத்துடணும்.

ரெண்டாவது, வெட்டுறதுக்கு முன்னாடி முட்டுக் குடுக்கிறது. பாடியேதான் எலும்புக்கூடுங்கிறதால, ஒரு துண்டை வெட்டினா மிச்சம் தொய்ஞ்சுடும். பாய் கதவு நிலைக்குக் குறுக்கயும் டிக்கி வாய்க்குக் குறுக்கயும் இரும்புக் குழாயை வெல்டு வெச்சார். டிக்கி வாயோட மூலைக்கு மூலை ரெண்டு பக்கமும் அளந்து சுவத்துல சாக்பீஸ்ல எழுதி வெச்சார். ஒரு பக்கம் முடிஞ்சு நல்லா இறுகின பிறகுதான் அடுத்த பக்கத்துல கை வெச்சார். ரெண்டு பக்கமும் ஒரே நேரத்துல வெட்டினா அப்புறம் எதை வெச்சு எதை நேராக்குறது?

மூணாவது, எவ்வளவு வெட்டுறது. துரு தெரியிற இடம் வரைக்கும் வெட்டினா பத்தாது. கிரைண்டர் போட்டா வெள்ளையா மின்னுற தகடு வர்ற வரைக்கும் போகணும். நாங்க ஒரு சாண் நினைச்சோம், ஒரு முழம் போச்சு. டிக்கி அடித்தகடு பாதிக்கு மேல, ரெண்டு வீல் ஆர்ச்சோட உள் தகடு, வீலுக்குப் பின்னாடி சைடு பேனலோட கீழ் பாகம்.. எல்லாம் வெளிய.

இப்பத்தான் பெரிய கேள்வி. புது பேனலுக்கு எங்க போறது? உத்தர்பாராவுல அம்பாசடர் செய்யுறதை ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் 2014 மே மாசம் நிறுத்திடுச்சு. 2017-ல அம்பாசடர்ங்கிற பேரை பெஜோ குழுமம் 80 கோடி ரூபாய்க்கு வாங்கிச்சு. பேரு கை மாறிச்சு, பேனல் வரல :) புதுப்பேட்டைக்குப் போய் உடைச்ச வண்டிங்கள்ல தேடினேன். கதவு இருக்கு, பானெட் இருக்கு, டிக்கி மூடி இருக்கு. நான் தேடுற கீழ் மூலை மட்டும் எதுலயும் முழுசா இல்ல. யோசிச்சுப் பாத்தா அது நியாயம்தான். என் வண்டியில தண்ணி தேங்குற இடத்துலதான் எல்லா அம்பாசடர்லயும் தேங்கும்.

வெறுங்கையோட வந்து சொன்னேன். பாய் சிரிச்சார். "கிடைக்கலன்னா செஞ்சுக்குவோம் தம்பி."

செஞ்சார். எங்க வண்டியில ரெண்டு பக்கமும் மூலை போயிருந்ததால, புதுக்கோட்டையில இன்னும் ஓடுற ஒரு அம்பாசடர்காரர் கையில கால்ல விழுந்து, அவர் வண்டியில சார்ட் அட்டையை வெச்சு வளைவு எடுத்துட்டு வந்தேன். பாய் அட்டையைத் தகட்டுல வெச்சுக் கீறி வெட்டினார். வெளிப் பேனலுக்கு 20 கேஜ் தகடு, அதாவது 0.9 மில்லிமீட்டர். ஸ்பிரிங் தாங்குற இடத்துக்குக் கனமா, 18 கேஜ். அப்புறம் மணல் மூட்டை மேல தகட்டை வெச்சு மரச் சுத்தியலால தட்டு, தட்டு, தட்டு. ஓரம் மடிக்க ஒரு தண்டவாளத் துண்டு. நாலு தட்டுக்கு ஒரு தடவை கண்ணை மூடிக்கிட்டு உள்ளங்கையால தடவிப் பாப்பார். கண்ணுக்குத் தெரியாத மேடு கைக்குத் தெரியுமாம். எனக்குத் தெரியல. நாலு வருஷம் இன்ஜினியரிங் படிச்சிருக்கேன்!

வெல்டிங் முழுக்க மிக். கேஸ் வெல்டிங்ல சூடு பரவி மெல்லிசான தகடு நெளிஞ்சுடும். மிக்கா இருந்தாலும் ஒரே இழுப்பா இழுக்கக்கூடாது. இங்க ஒரு புள்ளி, ஒரு சாண் தள்ளி ஒரு புள்ளி, ஆறினதும் நடுவுல ஒரு புள்ளி. கம்பெனியில ஸ்பாட் வெல்டு வெச்ச இடங்கள்ல, மேல் தகட்டுல ஓட்டை போட்டு அந்த ஓட்டையை வெல்டால நிரப்பினார். வெல்டு வைக்கிறதுக்கு முன்னாடியே உள் பக்கத்துல துத்தநாக பிரைமர். முடிஞ்ச பிறகு ஜாயின்டுக்கு சீலர், பெட்டி மாதிரி மூடின இடத்துக்குள்ள மெழுகு ஸ்பிரே. முக்கியமா, தண்ணி வடியிற ஓட்டையை அடைச்சுடக் கூடாது. கடைசியில பட்டியும் பாத்தார், நகம் அளவு கூடத் தடிமன் இல்ல. பட்டிங்கிறது சொரசொரப்பை நிரப்ப, ஓட்டையை மூட இல்ல.

மூணு வாரம்னு ஆரம்பிச்சது அஞ்சு மாசம் ஆச்சு. சுவத்துல எழுதின சாக்பீஸ் அளவும் கடைசியில அளந்ததும் ஒத்துப்போச்சு.

பேப்பர் விஷயமும் ஒண்ணு இருக்கு. 2021 ஜூலையில மத்திய அரசு கொண்டு வந்த விதிப்படி, 50 வருஷத்துக்கு மேலான வண்டியை விண்டேஜ்னு பதியலாம், நம்பர்ல வி.ஏ.ன்னு வரும். ஆனா சேஸி, பாடி, எஞ்சின்ல பெரிய மாற்றம் பண்ணியிருக்கக் கூடாது, தினசரி ஓட்டவும் கூடாது. அப்பாவுக்கு வண்டி ஷோகேஸ்ல இருக்கக் கூடாது, ஓடணும். அதனால அந்தப் பக்கம் போகல. போற எண்ணம் இருக்கிறவங்க, வெட்டுறதுக்கு முன்னாடியே ஆர்டிஓ ஆபீஸ்ல கேட்டுக்குங்க, ஒவ்வொரு கட்டத்தையும் போட்டோ எடுத்து வைங்க.

பாய்க்கு ரெண்டு பசங்க, ரெண்டு பேரும் சிங்கப்பூர்ல. பட்டறையில கத்துக்கிற பையன்னு யாரும் இல்ல. அவர் உள்ளங்கையில இருக்கிறதை நான் எழுதி வைக்க முடியாது. அட்டையை வைக்க முடியும். வீல் ஆர்ச், கீழ் மூலை, டிக்கி அடித்தகடுன்னு அவர் வெட்டின ஒவ்வொரு அட்டையையும் அளந்து, கம்ப்யூட்டர்ல படமா போட்டு, நிஜ அளவுலயே பிரிண்ட் எடுக்கிற மாதிரி வெச்சிருக்கேன். மார்க் டூ வெச்சிருக்கிறவங்க கேளுங்க, காசெல்லாம் வேணாம், அனுப்பி வைக்கிறேன்.

அதுக்கு முன்னாடி ஒரு காந்தத்தை எடுத்துட்டுப் போய் உங்க வண்டி பின்னாடி வெச்சுப் பாருங்க. வர்ட்டா..