ஒரு ஃபிளாப்பிக்குள் அடங்க

1.44 எம்.பி. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் சென்னையில் டி.டி.பி. வேலை பார்த்தவர்களுக்கு உலகத்தின் எல்லை அதுதான். பேஜ்மேக்கரில் பக்கம் கட்டி முடித்ததும், கோப்பு அதைத் தாண்டியிருக்கிறதா என்றுதான் முதலில் பார்ப்போம். தாண்டியிருந்தால் எந்த நிரலால் சுருக்குவது என்ற பேச்சு தொடங்கிவிடும்: ஜிப்பா, எல்.எச்.ஏ.வா, ஏ.ஆர்.ஜே.யா?

என் பிரியம் ஏ.ஆர்.ஜே. மேல். ராபர்ட் ஜங் எழுதிய நிரல். கட்டளையில் வி1440 என்று ஒரு குறி சேர்த்துவிட்டால் போதும், பெரிய கோப்பை ஃபிளாப்பி அளவுக்குத் துண்டு போட்டுக்கொண்டே சுருக்கும். முதல் துண்டின் பெயர் ஏ.ஆர்.ஜே. என்று முடியும், அடுத்தவை ஏ01, ஏ02. தட்டுகளுக்குப் பென்சிலால் எண் போட்டு ரப்பர் பேண்டு மாட்டி அச்சகத்துக்கு அனுப்புவோம். நடுவில் ஒரு தட்டு கெட்டிருந்தால் அங்கே ‘சி.ஆர்.சி. எர்ரர்’ என்று திரையில் வரும். இங்கே தொலைபேசி அடிக்கும்.

எல்.எச்.ஏ. ஜப்பானிலிருந்து வந்தது. அதன் முன்னோடியான எல்.எச்.ஆர்க்கை 1988இல் எழுதிய ஹருயாசு யோஷிசாக்கி தொழிலால் மருத்துவர். ஹருஹிகோ ஒக்குமுரா செய்துவைத்திருந்த நிரலிலிருந்து கிளைத்தது அது. அன்றைய ஜிப்பைவிட இறுக்கமாகக் கட்டும், ஆனால் மெதுவாக. 286 இயந்திரத்தில் அது ஓடும்போது எழுந்து போய் டீ குடித்துவிட்டு வரலாம். அமிகா கணினிக்காரர்கள் கடைசிவரை அதை விடவில்லை.

எல்லாவற்றுக்கும் அடியில் இருந்தது 1977இல் ஆபிரகாம் லெம்பெலும் யாக்கோப் ஸிவும் சொன்ன ஒரே யோசனை. கீர்த்தனைப் புத்தகத்தில் ஒவ்வொரு சரணத்துக்குப் பிறகும் பல்லவியை முழுதாக அச்சிடுவதில்லை; முதல் சொல்லைப் போட்டுப் புள்ளி வைத்துவிடுவார்கள், பாடுகிறவர் மேலே போய் எடுத்துக்கொள்வார். இந்த நிரல்கள் செய்ததும் அதைத்தான். ‘இத்தனை எழுத்து பின்னால் போ, அங்கிருந்து இத்தனை எழுத்தை எடு.’ எவ்வளவு தூரம் பின்னால் தேடுவது, எவ்வளவு நேரம் தேடுவது என்பதில்தான் ஒவ்வொருவர் கைவண்ணமும் தெரிந்தது. ஒரே கோப்பை மூன்றிலும் கட்டி, அளவைப் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்ப்பது எங்களுக்குப் பெரிய சந்தோஷம்.

ஜிப்பின் கதையில் கொஞ்சம் கசப்பு உண்டு. 1985இல் தாம் ஹெண்டர்சன் ‘ஆர்க்’ என்ற நிரலை மூலநிரலோடு வெளியிட்டார். மில்வாக்கிக்காரர் ஃபில் கட்ஸ் அதே வேலையை அசெம்ப்ளியின் துணையோடு பல மடங்கு வேகமாகச் செய்யும் ஒன்றைக் கொண்டுவந்தார். 1988இல் ஹெண்டர்சன் தரப்பு வழக்குப் போட்டது, கட்ஸ் பணம் கட்டிச் சமரசம் செய்துகொண்டார். மோடம் வைத்திருந்த கூட்டம் அவர் பக்கமே நின்றது. ஹெண்டர்சனுக்கு அன்று யாரும் நியாயம் செய்யவில்லை என்றே எனக்குப் படுகிறது. ஆனால் 1989இல் கட்ஸ் ஜிப்போடு வந்தபோது, அதன் அமைப்பை யார் வேண்டுமானாலும் பயன்படுத்தலாம் என்று திறந்துவிட்டார். 1993இன் 2.04ஜி பதிப்போடு இறுக்கத்திலும் மற்றவர்களைப் பிடித்துவிட்டார். வென்றது அந்தத் திறந்த மனது. இன்றைய வேர்ட் ஆவணம், இபப் நூல், ஆண்ட்ராய்டு செயலி எல்லாம் உள்ளுக்குள் ஜிப்தான்; அவற்றின் முதல் இரண்டு எழுத்துகள் பி, கே. அவருடைய முதலெழுத்துகள். 2000 ஏப்ரலில், 37 வயதில், அவர் மில்வாக்கியில் இறந்துபோனார்.

இப்போது சுருக்குவது தானாக நடக்கிறது. யார் எழுதியது, எது இறுக்கம், எது வேகம் என்று கேட்க அவசியமில்லை. அன்று ஒவ்வொரு நிரலோடும் ஒரு விளக்கக் கோப்பு வரும். அதில் எழுதியவரின் பெயரும் அஞ்சல் முகவரியும், பிடித்திருந்தால் பணம் அனுப்புங்கள் என்ற வேண்டுகோளும் இருக்கும். அந்த மனிதர்களை நாங்கள் பெயர் சொல்லிப் பேசினோம்.

அந்தக் காலத்துச் சிற்றிதழ்கள் சிலவற்றின் பக்கங்கள் இன்னும் யார் வீட்டு மேசை இழுப்பறையிலோ ஏ.ஆர்.ஜே. கோப்புகளாகக் கிடக்கின்றன. கட்டைப் பிரிப்பது சிரமமில்லை. 7-ஜிப் இன்றும் ஏ.ஆர்.ஜே.யைத் திறக்கிறது. ஆனால் உள்ளே இருப்பது யூனிகோடுக்கு முந்தைய தமிழ். எந்த எழுத்துருவில் அடித்தார்களோ அது கையில் இல்லாவிட்டால், கதையும் கவிதையும் வெறும் ஆங்கில எழுத்துக் குவியலாகத்தான் வெளியே வருகின்றன.