பெர்லினில் அரை ஏக்கர் ரை வயல்

எங்கள் மகள் ஜெர்மனியின் தலைநகரான பெர்லினில் வேளாண்மை மேற்படிப்பு படிக்கிறாள். அரசுப் பல்கலைக்கழகம் என்பதால் படிப்புக் கட்டணம் இல்லை. ஆனால், ஒரு வருடச் சாப்பாட்டுக்கும் வாடகைக்கும் ஆகும் தொகையை முன்கூட்டியே வங்கியில் கட்டிக் காட்டினால்தான் விசா. அதற்காக, கோபி பக்கம் எங்களுக்கு இருக்கும் மூன்றரை ஏக்கரில் ஒன்றரை ஏக்கரை அடமானம் வைத்தோம். “ஜெர்மனிக்குப் போன புள்ள திரும்பி வந்து மம்பட்டி புடிக்குமாக்கும்?” என்று கேட்காத சொந்தக்காரர்கள் இல்லை. அந்தக் கேள்வி எங்களுக்குள்ளும் இருந்தது.

போன ஜனவரியில், பகுதிநேர வேலையில் சேர்த்த காசில் அவளே எங்கள் இருவருக்கும் டிக்கெட் எடுத்து அனுப்பினாள். மஞ்சள் வெட்டு தொடங்குவதற்கு முன் எட்டு நாள் கிடைத்தது. கிளம்பினோம். பிள்ளைகளைப் பார்க்க வெளிநாடு போகும் விவசாயக் குடும்பங்கள் இப்போது நிறைய இருப்பதால், எங்கள் அனுபவத்தை எழுதுகிறேன்.

அறை பிடித்த கதை

மாணவர் விடுதியில் அவளுக்கு இருப்பது ஒற்றை அறை. அங்கே நாங்கள் தங்க முடியாது. லாட்ஜ் தேடியபோதுதான் ஜனவரியின் சிக்கல் புரிந்தது. 1926-ல் தொடங்கிய ‘பசுமை வாரம்’ என்ற பெரிய வேளாண் கண்காட்சி பெர்லினில் ஜனவரி மாதத்தில் நடக்கிறது. அந்த நாள்களில் அறை வாடகை ஏறிவிடும். ஒரு யூரோ நூறு ரூபாயை ஒட்டி இருக்கும்போது, நம் கணக்குக்கு அது கட்டுப்படியாகாது. கண்காட்சி முடிந்த பிறகு போகும்படி தேதியை மாற்றினோம். வாடகை ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது.

நகரின் மையத்தைச் சுற்றி வட்டமாக ஒரு ரயில் ஓடுகிறது. ‘எஸ்-பான்’ என்கிறார்கள். மையத்தில் தங்குவதைவிட, இந்த வட்டத்தை ஒட்டிய ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் தங்கினால் செலவு குறைவு. எங்கேயும் சீக்கிரம் போய்விடலாம். அறை வாடகையோடு நகர வரி தனியாக உண்டா, காலை உணவு சேர்த்தியா என்று முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

நாங்கள் கேட்காமல் விட்டது ஒன்றுதான். அந்தச் சின்ன விடுதியில் இரவு எட்டு மணிக்கு மேல் ஆள் இருக்கமாட்டார்கள். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது மணி பத்தரை. கதவு பூட்டிக் கிடந்தது. சாவி, வாசலில் எண் போட்டுத் திறக்கும் சின்னப் பெட்டியில் இருந்தது. அந்த எண்ணோ, மகள் பார்க்காமல் விட்ட ஒரு மின்னஞ்சலில் இருந்தது. உறைபனிக் குளிரில் அரை மணி நேரம் நின்றோம். “ஏனுங்க, நம்ம களத்துமேட்டுல படுத்திருந்தாக்கூட இத்தனை வெறைச்சிருக்காது” என்றார் என் வீட்டுக்காரம்மா. மகள் அழாத குறை. ‘இரவு எத்தனை மணி வரை ஆள் இருப்பார்கள்?’ என்ற ஒரு கேள்வியை மறக்காதீர்கள்.

ரயில் டிக்கெட்டிலும் கவனம் தேவை. நகரம் ஏ, பி, சி என மூன்று வட்டாரங்கள். விமான நிலையம் சி வட்டாரத்தில் இருப்பதால், அங்கிருந்து வர மூன்றுக்கும் சேர்த்து டிக்கெட் எடுக்க வேண்டும். ஊருக்குள் சுற்ற ஏ, பி போதும். நிலையத்தில் தடுப்புக் கதவு கிடையாது. காகித டிக்கெட்டை நடைமேடையில் இருக்கும் இயந்திரத்தில் முத்திரை குத்திக்கொண்டுதான் ஏற வேண்டும். குத்தாமல் ஏறிப் பிடிபட்டால் 60 யூரோ அபராதம். ஞாயிற்றுக்கிழமை பெரும்பாலான கடைகளுக்கு விடுமுறை என்பதால், சனிக்கிழமையே ரொட்டி, பால், பழம் வாங்கி வைத்துவிடுங்கள். குழாய்த் தண்ணீரைத் தாராளமாகக் குடிக்கலாம்.

பூங்காவில் உருளைக்கிழங்கு

முதலில் பிராண்டன்பர்க் வாசலையும், அதன் பக்கத்தில் இருக்கும் நாடாளுமன்றத்தையும் பார்த்தோம். நாடாளுமன்றத்தின் கண்ணாடிக் கூண்டுக்குள் ஏறிப் பார்க்கக் கட்டணம் இல்லை. முன்பதிவு மட்டும் செய்ய வேண்டும். அதை ஒட்டி ‘டீர்கார்ட்டன்’ என்ற பூங்கா. 500 ஏக்கருக்கும் மேல், காடு போலவே இருக்கிறது.

“அப்பா, இந்த மரமெல்லாம் 1949-க்கு அப்புறம் வெச்சதுதான்” என்றாள் மகள். இரண்டாம் உலகப்போர் முடிந்த கையோடு, விறகு இல்லாமல் மக்கள் இங்கிருந்த மரங்களை வெட்டி எரித்திருக்கிறார்கள். சுமார் 2 லட்சம் மரங்களில் ஏறக்குறைய 700 மட்டுமே மிஞ்சியதாம். வெட்டவெளியான நிலத்தைச் சின்னச் சின்னத் துண்டுகளாகப் பிரித்து, உருளைக்கிழங்கும் காய்கறியும் போட்டுப் பசியாறியிருக்கிறார்கள். குண்டு விழுந்து இடிந்த நாடாளுமன்றத்துக்கு முன்னாலும் காய்கறித் தோட்டம்தான். 1949-ல் மேயர் ஏர்ன்ஸ்ட் ராய்ட்டர் ஒரு லிண்டன் கன்றை நட்டு, மறுபடியும் மரம் வளர்க்கத் தொடங்கினார். மற்ற ஊர்க்காரர்களும் கன்றுகள் அனுப்பி உதவியிருக்கிறார்கள்.

சுவர் இருந்த இடத்தில்

அடுத்த நாள் ‘பெர்னவர்’ தெருவுக்குப் போனோம். 1961 ஆகஸ்ட் 13-ம் தேதி, கிழக்கு ஜெர்மனி அரசு பெர்லினை இரண்டாகப் பிரித்துத் தடுப்பு போடத் தொடங்கியது. இந்தத் தெருவில் வீடுகள் கிழக்கில், வாசலில் இருந்த நடைபாதை மேற்கில். ஜன்னல் வழியாகக் குதித்துத் தப்பியவர்களும் உண்டு, விழுந்து செத்தவர்களும் உண்டு. பிறகு சுவர் எழுந்தது. பின்னால் காவல் கோபுரங்களோடு ஒரு வெற்று நிலப் பட்டை. தாண்ட முயன்றால் சுடுவார்கள். பெர்லின் சுவரில் குறைந்தது 140 பேர் உயிரிழந்திருக்கிறார்கள். அந்தப் பட்டைக்குள் மாட்டிக்கொண்ட ஒரு தேவாலயத்தை 1985-ல் வெடி வைத்துத் தகர்த்தார்கள். 1989 நவம்பர் 9-ம் தேதி எல்லை திறந்தது.

தேவாலயம் இருந்த இடத்தில் இப்போது ஒரு சின்ன ஜெப ஆலயம். இடிந்த கட்டடத்தின் செங்கல் தூளைக் கலந்து, மண்ணை இடித்து இறுக்கிக் கட்டிய சுவர். நம் பாட்டன் வீட்டு மண்சுவரைத் தொட்டது போல இருந்தது. அதைச் சுற்றி அரை ஏக்கர் வயல். 2005 முதல் அதில் ரை என்ற தானியம் விதைக்கிறார்கள். இலையுதிர் காலத்தில் விதைத்து, பனியில் கிடந்து, கோடையில் அறுப்பு. மாவாக்கி ரொட்டி சுடுகிறார்கள். ஹம்போல்ட் பல்கலைக்கழக வேளாண் துறையினர் சாகுபடிக்குத் துணை நிற்கிறார்கள்.

நாங்கள் பார்த்தபோது பயிர் விரல் உயரம். பனி பூத்திருந்தாலும் பச்சை மாறவில்லை. அரை ஏக்கருக்கு என்ன பெரிய மகசூல் வந்துவிடப் போகிறது? அந்த நகரத்தில் அந்த இடத்தை விற்றால் எத்தனை கோடி போகும் என்று மனக்கணக்குப் போட்டேன். விற்கவில்லை, உழுது விதைக்கிறார்கள்.

வீட்டுக்காரம்மா குனிந்து, பாதையோரத்து மண்ணைக் கிள்ளிப் பார்த்தார். “மணல் சாஸ்தியா இருக்குது. தொழு உரம் பத்தாது” என்றார். மகள் சிரித்துவிட்டாள். “இங்கத்த மண்ணே மணல்தான் அம்மா. அதனாலதான் கோதுமை போடாம ரை போடுறாங்க. நம்ம மேக்காட்டு மண்ணும் இப்படித்தான? அங்க மஞ்சளுக்குப் பதிலா என்ன போடலாம்னு ஒரு கணக்கு வெச்சிருக்கறேன்” என்றாள்.

அடமானத்தில் இருப்பது அந்த மேக்காடுதான். படிப்பு முடிய இன்னும் ஒரு வருடம் இருக்கிறது. திரும்பி வருவாயா என்று நான் கேட்கவில்லை. வட்டியைத் தவறாமல் கட்டிக்கொண்டிருக்கிறேன்.

நேரம் இருந்தால் ‘தாலெம்’ பகுதிக்கும் போய் வாருங்கள். மூன்றாம் எண் சுரங்க ரயிலில் ‘தாலெம் டோர்ஃப்’ நிலையத்தில் இறங்கினால், நிலையமே கூரை வேய்ந்த வீடு போல இருக்கும். எதிரில் நகரத்துக்குள்ளேயே ஓர் இயற்கை விவசாயப் பண்ணை. மாடு, ஆடு, கோழி, பண்ணைக் கடை எல்லாம் உண்டு. ரை அறுப்பைப் பார்க்க ஆசைப்படுபவர்கள் கோடையில் போவது நல்லது.