மருந்து இல்லாத பெட்டி

அமெரிக்காவிலிருந்து ஊருக்கு வந்த சித்தி மகன், என் அக்கா மகனுக்கு ஒரு ராக்கெட் பெட்டி கொண்டுவந்திருந்தான். புதிதாகப் பழகுகிறவர்களுக்கான பெட்டி. உள்ளே ஒரு அட்டைக் குழாய், பிளாஸ்டிக் மூக்கு, பால்சா மரத்தில் வெட்டிய வால் சிறகுகள், ரப்பர் நாடா, பிளாஸ்டிக் தாளில் ஒரு பாராசூட். எல்லாம் இருந்தது. மோட்டார் மட்டும் இல்லை.

"அது தனியா விக்கிறது அண்ணே. வாங்கினாலும் பிளேன்ல ஏத்த விடமாட்டான், உள்ள இருக்கிறது கரிமருந்துல்லா" என்றான்.

ஒன்பதாம் வகுப்பு படிக்கும் மருமகனுக்கு முகம் சுண்டிவிட்டது. "மாமா, கோவில்பட்டியில உக்காந்துகிட்டு மருந்து கிடைக்கலைன்னு சொன்னா சிரிக்க மாட்டாங்களா?" என்றான். கேள்வி நியாயமானதுதான். வடக்கே சாத்தூர், சிவகாசி வரைக்கும் மருந்தோடு புழங்குகிற சீமை இது.

முதலில் ராக்கெட்டை ஒட்டி முடித்தோம். இரண்டு சாயங்காலம் பிடித்தது. சிறகில் மரத்தின் நார் ஓட்டம் முன்விளிம்போடு போக வேண்டும். குறுக்கே போனால் தரையில் விழுந்த வேகத்தில் முறிந்துவிடும். அவன் ஒரு சிறகை அவசரத்தில் சாய்த்து ஒட்டிவிட்டான். பங்குனி வெயிலில் பசை சட்டென்று இறுகிவிட, பிளேடால் சுரண்டி எடுத்து மறுபடி ஒட்டினோம். ஈரம் தங்காத இந்தக் காற்றுதான் தீப்பெட்டிக்கும் பட்டாசுக்கும் தோதாக அமைந்தது. வானம் பார்த்த பூமியில் விவசாயம் கைவிட்டபோது ஆட்களும் கிடைத்தார்கள். 1920களில் சிவகாசி அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழில் கற்றுவந்த கதை இங்கே எல்லோருக்கும் தெரியும். பட்டாசு அதன் பின்னால் வந்தது.

ராக்கெட் நேராகப் போகுமா என்று பறக்கவிடாமலே பார்க்க ஒரு வழி உண்டு. மோட்டார் போட்ட நிலையில் எந்த இடத்தில் ராக்கெட் சமமாக நிற்கிறதோ அங்கே நூலைக் கட்டித் தலைக்கு மேல் சுழற்ற வேண்டும். மூக்கு முன்னால் பார்த்தபடி சுற்றினால் சரி. பின்பக்கமாகவோ தாறுமாறாகவோ சுற்றினால் அது ஆகாது. எங்களிடம்தான் மோட்டார் கிடையாதே! சாக்பீஸ்களைத் தாளில் சுற்றி, மோட்டார் அளவுக்கு 18 மில்லிமீட்டர் தடிமனும் 70 மில்லிமீட்டர் நீளமுமாக உள்ளே செருகினோம். மொட்டை மாடியில் மருமகன் சுழற்றினான். இரண்டு சுற்று தடுமாறிய ராக்கெட், மூன்றாவது சுற்றில் மூக்கை முன்னே நீட்டிக்கொண்டு ஓடியது.

அந்த 70 மில்லிமீட்டருக்குள் என்னதான் இருக்கும் என்று பார்க்கும் ஆசையில், தெரிந்த ஃபோர்மேன் ஒருவரிடம் சொல்லிவைத்து, சாத்தூர்ப் பக்கம் ராக்கெட் போடும் பட்டாசு ஆலை ஒன்றுக்குப் போனேன். வாசலிலேயே செல்போனையும் செருப்பையும் வாங்கிக்கொண்டார்கள். அறைகள் ஒன்றுக்கொன்று எட்டத்தில் தனித்தனியாக நின்றன. ஒவ்வொரு சுவரிலும் அறை எண், உள்ளே இருக்கக்கூடிய ஆள் கணக்கு, மருந்தின் அளவு எல்லாம் பெயிண்டில் எழுதியிருந்தது. நான் போன அறைக்கு நாலு பேர் கணக்கு. உள்ளே நாலு பேர் இருந்ததால் நான் வாசலுக்கு வெளியிலேயே நின்றுகொண்டேன்.

வாசலோரம் உட்கார்ந்திருந்த அக்காவுக்கு ஐம்பது வயதிருக்கும். முழங்கை வரை கரி. வளையத்துக்குள் கொத்தாக நிற்கும் காகிதக் குழாய்களில் மருந்து செலுத்திக்கொண்டிருந்தார். குழாயின் அடியில் ஏற்கனவே மண் அடைத்து, நடுவில் துளை விட்டிருந்தார்கள். எரிகிற மருந்தின் புகை அந்தச் சின்னத் துளை வழியே பீறிட்டு வெளியேறும்போதுதான் குழாய் மேலே போகிறது. கையை வேகமாக இழுக்கக் கூடாது, கீழே சிந்தியதைத் தேய்க்கக் கூடாது, இரும்பு எதுவும் பக்கத்தில் வரக் கூடாது. அவர் கை அவசரப்படவும் இல்லை, தயங்கவும் இல்லை. இந்தப் பக்கம் விபத்துச் செய்திகளில் "உராய்வு" என்ற சொல் எத்தனை முறை வந்திருக்கிறது! அது நடக்காமல் இருப்பதற்கு இந்தக் கையின் நிதானம்தான் முதல் காவல்.

அமெரிக்க மோட்டாரும் இதே சாதிதான். காகிதக் குழாய், களிமண் துளை, கரிமருந்து. அதில் கூடுதலாக இரண்டு அடுக்கு. மருந்து தீர்ந்ததும் சில நொடி புகை மட்டும் விட்டு மெதுவாக எரியும் ஒரு அடுக்கு, அதற்கு மேல் மூக்கைத் தள்ளிப் பாராசூட்டை வெளியே எறியும் ஒரு சிட்டிகை மருந்து. மோட்டாரின் மேல் பி6-4 என்று போட்டிருந்தால், பி என்பது மொத்த உந்துதலின் வகுப்பு, 6 சராசரி விசை, 4 என்பது அந்தக் காத்திருப்பு நொடி.

ஃபோர்மேனிடம் இதைச் சொல்லிவிட்டு, மருமகன் கேட்கச் சொன்னதையும் கேட்டேன். நம்ம ராக்கெட் குழாயை அந்தப் பெட்டி ராக்கெட்டில் வைத்தால் என்ன?

"வச்சிராதீங்க அண்ணாச்சி. நம்ம சரக்கு திரும்பி வர்றதுக்குச் செஞ்சதில்ல. மேல போயி வெடிக்கணும், அதான் அதோட வேலை. அத உள்ள வச்சா உங்க ராக்கெட்டு சுக்குநூறாயிரும்." சொல்லிவிட்டு, குச்சி கட்டிய ராக்கெட் ஒன்றை எடுத்து விரல் மேல் படுக்கவைத்துக் காட்டினார். குழாயின் வாய்க்குச் சற்றுக் கீழே, குச்சியின் மேல் அது ஆடாமல் நின்றது. "இங்க நின்னாத்தான் நேரா போகும். குச்சி குட்டையா இருந்தா கூரைக்குள்ள பாயும்." நாங்கள் மாடியில் நூல் கட்டிச் சுழற்றிப் பார்த்ததை இவர் ஒற்றை விரலில் பார்த்துவிட்டார்.

ராக்கெட் பெட்டிக்கே பட்டாசுதான் தாய்வீடு. அமெரிக்காவில் நெப்ராஸ்கா மாநிலத்து நார்ஃபோக் ஊரில் செருப்புக்கடை வைத்திருந்தவர் ஆர்வில் கார்லைல். வாணவேடிக்கையில் பைத்தியம். 1954இல் சகோதரரோடு சேர்ந்து பாராசூட்டில் இறங்கும் சின்ன ராக்கெட்டைச் செய்தார். அங்கே பையன்கள் வீட்டிலேயே மருந்து கலந்து ராக்கெட் விடப்போய்க் கையையும் கண்ணையும் இழந்துகொண்டிருந்த காலம். ஹாரி ஸ்டைன் என்ற ராக்கெட் பொறியாளர் 1957இல் அதைப் பற்றி எழுதிய கட்டுரையைப் படித்த கார்லைல், தன் ராக்கெட்டை அவருக்கு அனுப்பிவைத்தார். மோட்டார் செய்து தர ஆள் தேடிய ஸ்டைனுக்கு வெர்ன் எஸ்டஸ் கிடைத்தார், அவரும் பட்டாசுக் குடும்பத்துப் பிள்ளை. சில நொடிக்கு ஒரு மோட்டாரை அழுத்தித் தரும் இயந்திரம் ஒன்றைச் செய்து, அதற்கு மேபல் என்று பெயர் வைத்தார். பையன்கள் மருந்தைத் தொடக் கூடாது என்பதற்காகப் பிறந்த விளையாட்டு அது.

மேபல் செய்த வேலையை இந்த அறையில் கை செய்துகொண்டிருந்தது. அக்காவிடம் பெட்டியைப் பற்றி விளக்கினேன்.

"எல்லாம் இருக்கு, மருந்து மட்டும் இல்லையா?"

"ஆமாக்கா."

"அப்ப நல்ல பெட்டிதான்" என்றார். அவர் சிரிக்கவில்லை. "பையன எதையாவது பறக்கவிடச் சொல்லுங்க. பறந்தா வந்து சொல்லுங்க."

மருமகன் மருந்தில்லாமலே ஒரு வழி கண்டுபிடித்தான். இரண்டு லிட்டர் சோடா பாட்டில், மூன்றில் ஒரு பங்கு தண்ணீர், வாயில் ரப்பர் கார்க், அதில் செருகிய வால்வு, சைக்கிள் பம்பு. பெட்டியிலிருந்த சிறகை அச்சாக வைத்துப் பெரிதாக வரைந்து அட்டையில் வெட்டிக்கொண்டான். தலைக்குக் காகிதக் கூம்பு, அதற்குள் அந்தப் பெட்டியின் பாராசூட். எங்கள் மாவட்டத்துக் குலசேகரப்பட்டினத்தில் ஏவுதளத்துக்கு அடிக்கல் நாட்டிய 2024 பிப்ரவரி 28 அன்றே ஆர்எச்200 என்ற ராக்கெட்டையும் விட்டார்கள். அன்றிலிருந்து "நம்ம மாவட்டம்" என்று சொல்லும்போதெல்லாம் இவனுக்குக் குரல் உயர்ந்துவிடுகிறது.

ஞாயிற்றுக்கிழமை விடியலில், பருத்திமாறு பிடுங்கிய கரிசல் காட்டுக்குப் போனோம். தூரத்தில் குருமலை. நிலம் பாளம் பாளமாக வெடித்திருந்தது, ஒரு பிளவுக்குள் என் கை மணிக்கட்டு வரை போயிற்று. பாட்டிலைத் தாங்கும் கம்பியை ஊன்றக் குழி தோண்டவே வேண்டியிருக்கவில்லை. நான் பம்பு அடித்தேன். முதல் தடவை கார்க் முன்கூட்டியே கழன்று, தண்ணீரெல்லாம் என் வேட்டியில். இரண்டாவது தடவை பாட்டில் ஒரு சீறலோடு கிளம்பி, பனை உயரம் போய்த் தலை கவிழ்ந்தது. கூம்பு கழன்று, பாராசூட் பாதி விரிந்து, காற்றில் சாய்ந்துபோய்ச் சீமைக்கருவேல முள்ளில் மாட்டிக்கொண்டது. எடுக்கப்போன மருமகன் கையில் நாலு கீறலோடும் முகம் நிறையச் சிரிப்போடும் வந்தான்.

மறுவாரம் அந்தப் பக்கம் போனபோது, வேலை விட்டு ஆலை வண்டிக்குக் காத்துநின்ற அக்காவைப் பார்த்தேன். கையைக் கழுவியிருந்தார், நகக்கண்ணில் மட்டும் கரி மிச்சமிருந்தது.

"பறந்துச்சாக்கும்?"

"பறந்துச்சு. பனை உயரம் இருக்கும்."

கொஞ்சம் யோசித்தார். "நம்ம ராக்கெட்டுல பாதிகூட இல்லையே" என்றபடி வண்டியில் ஏறினார்.