ஊசி நின்ற பிறகும் எடை நிற்க

எடை குறைப்பு ஊசி போட்டுக்கொள்பவர்களுக்கு உணவு ஆலோசனை சொல்லும் எங்கள் தொழிலில், எடை இறங்கும் மாதங்களில் பெரிய வேலை எதுவும் இருப்பதாகத் தெரியாது. பசி அடங்கிவிடுகிறது, தட்டில் பாதி மிஞ்சுகிறது, வாராவாரம் எடை இறங்குகிறது. மருந்தை நிறுத்தும்போது மற்றதைப் பார்த்துக்கொள்ளலாம் என்று வருபவரும் நினைக்கிறார், சில சமயம் ஆலோசகரும் நினைக்கிறார். பலர் கோட்டை விடுவது இங்கேதான். நிறுத்திய பின் எடையைக் காப்பதற்கான வேலையை ஊசி போடும் காலத்திலேயே செய்து முடித்திருக்க வேண்டும் என்பதே என் கட்சி. கோடையில் வற்றிக் கிடக்கும்போதுதான் ஏரியைத் தூர்வார முடியும். பசி அடங்கியிருக்கும் மாதங்கள் அப்படிப்பட்ட கோடை.

ஆய்வுகள் இதை ஒளிவுமறைவின்றிச் சொல்கின்றன. செமாகுளூட்டைடு என்ற ஊசியை 68 வாரம் போட்டுச் சராசரியாக 17.3 சதவீத எடையைக் குறைத்தவர்கள், நிறுத்திய ஓராண்டுக்குள் அதில் மூன்றில் இரண்டு பங்கைத் திரும்பப் பெற்றார்கள், நின்றது 5.6 சதவீதக் குறைவு மட்டுமே. டிர்செபடைடு என்ற மற்றொரு ஊசியில் 36 வாரத்தில் 20.9 சதவீதம் குறைத்தவர்களில், மருந்தில்லாத ஊசிக்கு மாற்றப்பட்டவர்களுக்கு அடுத்த 52 வாரத்தில் 14 சதவீதம் ஏறியது. இவர்கள் எல்லோரும் சோம்பேறிகளாக இருக்க வாய்ப்பில்லை. எடை குறைந்த உடம்பு இழந்ததைத் திரும்பக் கேட்கிறது. ஆஸ்திரேலியாவில் நடத்தப்பட்டு 2011இல் வெளியான ஆய்வில், கடும் உணவுக் கட்டுப்பாட்டால் மெலிந்தவர்களுக்கு ஓராண்டு கழிந்தும் பசியைத் தூண்டும் ஹார்மோன்கள் பழைய நிலைக்குத் திரும்பவில்லை. அமெரிக்காவின் கெவின் ஹால் குழு போட்ட கணக்கில், குறைகிற ஒவ்வொரு கிலோவுக்கும் உடம்பின் செலவு நாளுக்கு 20 முதல் 30 கலோரி குறைகிறது. பசியோ சுமார் 100 கலோரி கூடுகிறது. பத்துக் கிலோ குறைத்தவருக்குச் செலவில் இரண்டு சாதா தோசை அளவு குறைந்திருக்கும்போது, பசி அதைப் போல மூன்று நான்கு மடங்கு கேட்கும். ஊசி இந்தக் குரலை அமுக்கி வைத்திருந்தது. செமாகுளூட்டைடு உடம்பை விட்டு நீங்க ஐந்து வாரம்போல ஆகும் என்பதால், நிறுத்திய முதல் மாதம் சுகமாகவே போகிறது; பசி பிறகுதான் வருகிறது.

அப்படியானால் ஊசிக் காலத்தில் தட்டில் என்ன நடக்கிறது என்று உற்றுப் பார்க்க வேண்டும். பசி குறைந்தவர் பெரும்பாலும் பழகியதையே குறைவாகச் சாப்பிடுகிறார். நாலு இட்லி இரண்டாகிறது. மதியம் ஒரு கரண்டி சாதமும் சாம்பாரும் உள்ளே போனதும் வயிறு நிறைந்துவிடுகிறது. முட்டை, மீன், சுண்டல், தயிர் எல்லாம் அப்படியே கிடக்கின்றன. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐசிஎம்ஆர்) சொல்லும் கிலோவுக்கு 0.83 கிராம் என்ற கணக்கில் 70 கிலோ எடையுள்ளவருக்கு நாளுக்கு 58 கிராம் புரதம் வேண்டும். எடை இறங்கும் காலத்தில் அதற்கும் மேலேயே நாங்கள் கேட்போம் (சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மட்டும் மருத்துவரைக் கேட்டுக்கொள்ள வேண்டும்). இரண்டு இட்லியில் வருவது நாலைந்து கிராம்தான். குறையும் எடையில் ஏறத்தாழ கால் பங்கிலிருந்து 40 சதவீதம் வரை கொழுப்பல்லாத எடை; தசையும் அதில் அடக்கம். தசையை இழந்துவிட்டு ஊசியை நிறுத்தினால் திரும்பி வருவதில் பெரும்பங்கு கொழுப்பாகவே இருக்கும். அதனால் நான் முதலில் மாற்றச் சொல்வது சாப்பிடும் வரிசையை: முட்டையோ மீனோ கெட்டிப்பருப்போ முதலில், அடுத்து காய், சாதம் கடைசியில். பசி அமுங்கியிருக்கும்போது இது சிரமமே இல்லாமல் படிந்துவிடும். பசி திரும்பிய பிறகு தொடங்கினால் முதல் வாரத்திலேயே சோர்ந்துபோவார்கள்.

இங்கே ஒரு வலுவான மறுப்பு உண்டு. மேற்சொன்ன செமாகுளூட்டைடு ஆய்வில் ஊசியோடு உணவு, உடற்பயிற்சி ஆலோசனையும் கொடுத்தார்கள். அப்படியும் எடை திரும்பியதே? கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் ஆலோசனை வேறு, செய்ய வைப்பது வேறு. கோபன்ஹேகனில் நடந்த எஸ்-லைட் ஆய்வில், எட்டு வாரக் குறைந்த கலோரி உணவால் சராசரியாக 13.1 கிலோ குறைத்தவர்களைப் பிரித்து, ஓராண்டுக்குச் சிலருக்கு லிராகுளூட்டைடு என்ற ஊசி மருந்து மட்டும், சிலருக்குப் பயிற்சி மட்டும், சிலருக்கு இரண்டும் கொடுத்தார்கள். வாரத்தில் இரண்டு வகுப்பு பயிற்சியாளர் கண்ணெதிரே நடந்தது. எல்லாவற்றையும் நிறுத்தி ஓராண்டு கழித்துப் பார்த்தால், மருந்து மட்டும் எடுத்தவர்களுக்கு, பயிற்சி மட்டும் செய்தவர்களைவிட ஆறு கிலோ கூடுதலாக ஏறியிருந்தது. மருந்தோடு பயிற்சியும் செய்தவர்களில், ஆரம்ப எடையில் பத்து சதவீதக் குறைவையாவது தக்கவைத்தவர்கள் மருந்து மட்டும் எடுத்தவர்களைவிட அதிகம். பயிற்சி இருந்தால் எடை ஏறவே ஏறாது என்று இது சொல்லவில்லை. ஏறியது, குறைவாக ஏறியது. எங்கள் கைக்குள் இருப்பது அந்த வித்தியாசம்தான், அது சின்ன வித்தியாசம் இல்லை.

ஆயுள் முழுக்கப் போட்டுக்கொண்டால் தீர்ந்ததே என்பார்கள் சிலர். ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை தொடர்வதுபோல் இதையும் தொடர வேண்டியவர்கள் இருக்கிறார்கள். அவர்களை நிறுத்தச் சொல்ல எனக்கு உரிமையும் இல்லை, விருப்பமும் இல்லை. ஆனால் செலவு, வாந்தி, கர்ப்பத் திட்டம் என்று பல காரணங்களால் பாதியில் விடுகிறவர்கள் எக்கச்சக்கம். மௌஞ்சாரோ (டிர்செபடைடு), வெகோவி (செமாகுளூட்டைடு) ஊசிகள் 2025இல் இந்தியச் சந்தைக்கு வந்துவிட்டன. இனி இந்தக் கூட்டம் பெருகும். அதனால் ஊசி எழுதித் தரும் அன்றே மருத்துவரிடம் மூன்று கேள்வி கேளுங்கள்: இதை எவ்வளவு காலம் போட வேண்டும், எப்படி நிறுத்துவது, நிறுத்திய பின் எத்தனை கிலோ ஏறினால் திரும்ப வர வேண்டும். சர்க்கரை நோய்க்காகப் போடுபவர்கள் தாமாக நிறுத்தவே கூடாது. குறித்துவைத்த எடையைத் தாண்டினால் வெட்கப்பட்டு வீட்டில் உட்கார்ந்துவிடாமல் அந்த வாரமே வந்துவிடுங்கள். மூன்று கிலோவில் வருபவருக்குச் செய்ய முடிவதைப் பதினைந்து கிலோவில் வருபவருக்கு எங்களால் செய்ய முடிவதில்லை.