பெட்டி உடைத்தவனும் ராதாரிச் சீட்டும்

சின்னமனூரில் இறங்கி டவுன் பஸ் பிடித்தால், கண்டக்டர் கொடுத்த சில்லறையை எண்ணி முடிப்பதற்குள் மார்க்கையன்கோட்டை வந்துவிடுகிறது. ஊர்ப் பெயரில் இருக்கும் கோட்டையைத் தேடுவதற்கு முன்னால் நான் தேடியது டீக்கடையை.

எந்தப் பக்கம் திரும்பினாலும் பச்சை. வயல் முடிகிற இடத்தில் மலை. 1895-ல் பென்னிகுக் கட்டி முடித்த முல்லைப் பெரியாறு அணையின் தண்ணீர் கம்பம் பள்ளத்தாக்கில் 14,707 ஏக்கர் இருபோக நெல்லுக்குப் பாய்கிறது. 'சுமார் பதினஞ்சாயிரம்' என்று யாரும் சொல்வதில்லை. கடைசி ஏழு ஏக்கரையும் விடாமல்தான் சொல்கிறார்கள். பி.காம். படித்தவனுக்கு இது எவ்வளவு சந்தோஷம் தெரியுமா! பென்னிகுக் படத்தைச் சாமி படத்துக்குப் பக்கத்தில் மாட்டி வைத்திருக்கும் கடைகளும் வீடுகளும் இந்தப் பள்ளத்தாக்கில் நிறைய. வெள்ளைக்காரருக்கு மாலை போடும் ஊர்கள் வேறு எங்கே இருக்கின்றன, சொல்லுங்கள்?

டீக்கடை பெஞ்சில் பக்கத்தில் ஒரு பெரியவர். உசிலம்பட்டிப் பக்கம் சொந்த ஊராம். மகளைக் கட்டிக்கொடுத்த ஊருக்கு வந்திருக்கிறார். என் மடியிலிருந்த புத்தகத்தை எட்டிப் பார்த்தார்.

"என்ன தம்பி, நாவலா?"

"இல்லீங்கய்யா. இங்கிலீஷ்காரத் திருடன் ஒருத்தன் கதை. நெசமா நடந்தது."

"அப்படின்னா சொல்லுங்க. மருமகன் வர நேரமாகும்."

சொன்னேன். பென் மெக்கின்டயர் 2007-ல் எழுதிய 'ஏஜென்ட் ஜிக்ஜாக்' அது. ஹீரோ எட்டி சாப்மன், 1914-ல் பிறந்தவர். பட்டாளத்தில் சேர்ந்து, அங்கிருந்து கம்பி நீட்டியவர். பிறகு பார்த்த உத்தியோகம், இரும்புப் பெட்டிகளை வெடி வைத்து உடைப்பது.

"நம்ம கல் குவாரியில வைக்கிற ஜெலட்டினா?"

"கிட்டத்தட்ட அதேதான்."

1939-ல் ஜெர்ஸி தீவில் மாட்டி ஜெயிலுக்குப் போனார். அடுத்த வருஷமே அந்தத் தீவை ஜெர்மனி பிடித்துக்கொண்டது. ஆள் யோசித்தார். 'உங்களுக்கு உளவு பார்க்கிறேனே' என்று ஜெர்மன்காரர்களுக்கே விண்ணப்பம் போட்டார். பிரான்ஸில் வைத்துப் பயிற்சி கொடுத்தார்கள். 1942 டிசம்பர் 16-ம் தேதி ராத்திரி பாராசூட்டில் இங்கிலாந்தில் இறக்கிவிட்டார்கள். கையில் வயர்லெஸ், கட்டுக்கட்டாகப் பணம், மாட்டினால் கடிக்க விஷ மாத்திரை. வேலை என்ன? ஹாட்ஃபீல்டில் மஸ்கிட்டோ விமானம் செய்யும் தொழிற்சாலையைத் தகர்க்க வேண்டும்.

"கொசு ஒழிப்பா?" என்றார் பெரியவர். கடைக்காரர் டீ ஆற்றுவதை நிறுத்திவிட்டுச் சிரித்தார்.

இறங்கின மனுஷன் நேரே போலீஸைக் கூப்பிட்டுச் சரணடைந்தார். எம்.ஐ. ஃபைவ் உளவுத் துறைக்கு அதில் ஆச்சரியமில்லை. ஜெர்மன் ரகசியச் செய்திகளை ஒட்டுக்கேட்டு, இப்படி ஒருவன் வரப்போகிறான் என்று முன்பே தெரிந்து வைத்திருந்தார்கள். அவரையே தங்கள் பக்கம் சேர்த்துக்கொண்டார்கள். 'சுதந்திரமாக இருந்தால் செய்தியின் ஆரம்பத்தில் ஐந்து எஃப் போடு' என்பது ஜெர்மன் ஏற்பாடு. பிரிட்டிஷ்காரர்கள் பக்கத்தில் உட்கார்ந்திருக்க, சாப்மன் எஃப் போட்டுச் செய்தி அனுப்பினார்.

1943 ஜனவரி கடைசியில் தொழிற்சாலை 'வெடித்தது'. அதாவது, பெயின்ட் அடித்த துணியை விரித்து, உடைசல்களைப் பரப்பி, மேலே பறந்து பார்த்தால் இடிந்தது போலத் தெரிய வைத்தார்கள். பத்திரிகையில் ஒரு பொய்ச் செய்தியும் வந்தது. நம்ம ஊர் சினிமா செட் ஆசாமிகள் இதைவிட நன்றாகவே செய்திருப்பார்கள். ஆனாலும் ஜெர்மனி நம்பியது. திரும்பிப் போனவருக்கு இரும்புச் சிலுவைப் பதக்கம் கொடுத்தது! 1944-ல் மறுபடி அனுப்பினார்கள். லண்டன் மேல் பாய்ந்த பறக்கும் குண்டுகள் எங்கே விழுகின்றன என்று தப்பான தகவல் அனுப்பியவர்களில் இவரும் ஒருவர்.

"கடைசியில என்ன செஞ்சாங்க?"

"பழைய கேஸையெல்லாம் மன்னிச்சு, ஆறாயிரம் பவுனும் கொடுத்தாங்க."

"திருந்திட்டானா?"

அதைத்தான் என்னால் அடித்துச் சொல்ல முடியவில்லை. யுத்தம் முடிந்ததும் கடத்தல்காரர்களோடு சேர்ந்தார். தன்னை உளவுக்கு அனுப்பிய ஜெர்மன் அதிகாரியைப் பிற்காலத்தில் மகள் கல்யாணத்துக்கு அழைத்தார், அவரும் வந்தார்.

பெரியவர் சிரிக்கவில்லை. "அது எந்த வருசம்னீங்க? நாப்பத்திரெண்டா? அந்த வருசமெல்லாம் எங்க தாத்தா ராத்திரிக்கு ராத்திரி ஸ்டேசன்ல போய்ப் படுத்தாரு தம்பி. ஒரு சோளக்கதிரைக் களவாண்டது கிடையாது."

குற்றப் பரம்பரைச் சட்டம். இந்தப் பக்கத்தில் ரேகைச் சட்டம் என்றால்தான் தெரியும். பிறமலைக் கள்ளர்கள் மேல் 1914-லிருந்து பாய ஆரம்பித்தது. திருடினாயா என்று கேள்வி கிடையாது, பிறந்தாயா என்பதுதான். ஆண்கள் கைரேகை வைக்க வேண்டும். ராத்திரி போலீஸ் கண்ணில் படுகிற இடத்தில் படுக்க வேண்டும். வெளியூர் போக ராதாரிச் சீட்டு வாங்க வேண்டும். ரேகை வைக்க மாட்டோம் என்று 1920 ஏப்ரல் 3-ம் தேதி பெருங்காமநல்லூரில் மக்கள் எதிர்த்து நின்றார்கள். துப்பாக்கிச் சூட்டில் மாயக்காள் என்ற பெண் உட்பட 15 பேருக்கு மேல் செத்தார்கள். இவர்களுக்காக வாதாடிய வக்கீல் ஜார்ஜ் ஜோசப்பை 'ரோசாப்பூ துரை' என்று இன்றும் சொல்கிறார்கள். முத்துராமலிங்கத் தேவர் உள்ளிட்டோர் போராடி, சென்னை மாகாணத்தில் 1947-ல்தான் சட்டம் ஒழிந்தது.

பெட்டி பெட்டியாக உடைத்தவனுக்கு அதே சர்க்கார் மன்னிப்புக் கொடுத்தது 1944-ல். பற்று வரவு எப்படிப் போட்டாலும் எனக்கு டாலி ஆகவில்லை.

மருமகன் டி.வி.எஸ். ஃபிஃப்டியில் வந்து ஹாரன் அடித்தார். பெரியவர் துண்டை உதறிக்கொண்டு எழுந்து, போகிற போக்கில் கேட்டார்.

"ஏந் தம்பி, அந்த வெள்ளைக்காரன சர்க்காரு ராத்திரியில எங்க படுக்க வச்சது?"

"லண்டன்ல தனி வீடுங்கய்யா. கூட இருக்க ரெண்டு போலீஸ்காரங்க. பழைய சிநேகிதியையும் குழந்தையையும்கூட வரவழைச்சுக் கொடுத்தாங்க."

"சரித்தான்" என்று வண்டியில் ஏறிக்கொண்டார். என் டீக்கும் அவரே காசு கொடுத்துவிட்டிருந்தார்.