பிடியரிசிக் கலயம்

சாரல் வந்தது, ஐயா. மேற்கு மலைமுடி முகிலுள் ஒளிந்தது. அச்சன்புதூர் வயல்களில் நாற்றுமுடிகள் வரிசை வரிசையாய் வந்து விழுந்தன. ஞாயிறும் வந்தது, முதல் மணி அடித்தது, இரண்டாம் மணியும் அடித்து ஓய்ந்தது. வெளுத்த வேட்டியும் கக்கத்தில் வேதபுத்தகமுமாய் வரப்பின்மேல் வருவீரே, நீர் மட்டும் வரவில்லை. சாரலே, எங்கள் உபதேசியார் குடை சுவரில் தொங்குகிறது. இனி யார் குடைமேல் பெய்ய வந்தாய்?

அவர் எங்களுக்கென விட்டுச் சென்ற உடைமை ஒன்றே: ஆலயத்து மூலையில் நிற்கும் மண்கலயம். உலை கொதிக்கையில், அளந்தெடுத்த அரிசியினின்று ஒரு பிடி அள்ளி ஆண்டவருக்கென ஒதுக்கிவைப்பர் எங்கள் வீட்டுப் பெண்கள். சனிதோறும் ஐயா வீடுவீடாய்ச் சென்று அப்பிடியரிசியைத் திரட்டி வருவார். விளக்கடியில் முறத்தில் பரப்பிக் கல் பொறுக்குவார். கண் மங்கிய பின்னும் விரல் நுனியால் தடவித் தடவிப் பொறுக்குவார். பாதி ஊழியத்துக்கு, பாதி விதவையர் அடுப்புக்கு. "ஆண்டவருக்குக் கொடுப்பதிலும் ஏழைக்குக் கொடுப்பதிலும் கல் கிடக்கலாகாது" என்பார்.

இத்தகைய எளிய கைகளாலன்றோ எழுந்தது நெல்லைத் திருச்சபை! 1785இல் பாளையங்கோட்டையில் குளோரிந்தா அம்மையார் எழுப்பிய ஆலயம், 1820இல் வந்த ரேனியஸ் ஐயர் நட்ட சிற்றூர்ச் சபைகள், 1903இல் தம் பணத்தையும் தம் ஆட்களையுமே நம்பி நெல்லைக் கிறிஸ்தவர் தொடங்கிய இந்திய மிஷனரி சங்கம். வெள்ளாளன்விளையில் பிறந்த அசரியா அச்சங்கத்தின் ஊழியராய்த் தெலுங்கு நாட்டுத் தோர்ணக்கல்லுக்குச் சென்று, 1912இல் இந்திய ஆங்கிலிக்கத் திருச்சபையின் முதல் இந்தியப் பேராயரானார். மனிதன் பாவி, கிறிஸ்து மீட்பர், மனந்திரும்புதலே வாசல்: அவரை அனுப்பிவைத்த விசுவாசம் இம்மூன்று சொல்லில் அடங்கும்.

அச்சொற்கள் ஒவ்வொன்றாய் உதிரக் கண்டோம். 1938 டிசம்பரில் தாம்பரத்தில் உலக மிஷனரி மாநாடு கூடியபோதே பிளவு தெரிந்தது. டச்சு அறிஞர் கிரேமர், கிறிஸ்துவின் வெளிப்பாட்டுக்கு நிகர் எதுவுமில்லை என்றார். சென்னையின் செஞ்சையாவும் சக்கரையும் கிறிஸ்தவத்தையே மறுபடி எண்ணிப் பார்க்கவேண்டும் என்றனர். 1968இல் சுவீடனின் உப்சாலாவில் உலகத் திருச்சபை மாமன்றம் கூடியது. சபையின் பணி இன்னதென்று உலகின் போராட்டங்களே வகுக்கட்டும் என்ற குரல் அங்கு ஓங்கியது. 1971இல் எம்.எம். தாமஸ் இரட்சிப்பையும் மனிதமயமாதலையும் இணைத்து நூல் எழுதினார். அவசரநிலையை அஞ்சாது எதிர்த்த பெருமகன் அவர். அவர் நேர்மையில் ஐயமில்லை. ஆயினும் அவர் திறந்த வாசல் வழியே பின்வந்தோர், மனிதமாண்பை மட்டும் ஏந்திக்கொண்டு மீட்பரை வெளித்திண்ணையில் நிறுத்திவிட்டனர். முன்பு மதுரையில் பேராயராயிருந்த நியூபிகின், கிறிஸ்துவை மையமாய்க் கொண்ட, கண்ணுக்குத் தெரியும் சபையின்றி நற்செய்தி நிற்காது என அன்றே வாதிட்டார். கேட்டவர் சிலர்.

மலைக்கு அப்பாலும் ஒரு பாடம் கண்டோம். அதுவரை மலைக்கு அப்பாலுள்ள ஆட்சியில் இருந்த செங்கோட்டை 1956 நவம்பர் முதல் நாள்தான் தமிழகத்தோடு சேர்ந்தது. மறு ஆண்டே கேரளத்தில் கம்யூனிஸ்ட் ஆட்சி அமைந்தது. அவ்வாட்சியின் நிலச்சட்டத்தை ஐயா பழித்ததில்லை. உழுதவனுக்கு நிலம் வேண்டும் என்றே சொன்னார். பள்ளிகள்மேல் அரசின் பிடியை இறுக்கிய கல்விச் சட்டமே அவரை உறங்கவிடவில்லை. பிள்ளையை வளர்க்கும் பொறுப்பு முதலில் தாய்மடிக்கு, பிறகு சபைக்கு, அதன் பின்பே சர்க்காருக்கு என்பது அவர் துணிபு. 1959 ஜூன் 13இல் அவ்வாட்சியை எதிர்த்துத் திரண்டோர் மீது அங்கமாலியில் நடந்த துப்பாக்கிச் சூட்டுக்கு எழுவர் பலியான செய்தி வந்த இரவு, இறந்தவர்க்காகவும் சுட்டவர்க்காகவும் முழங்காலிட்டார்.

அதுவன்றோ அவர் வழி! பாவம் அமைப்பில் மட்டும் இருக்குமாயின் மனந்திரும்ப ஒருவரும் இரார். ஒடுக்குவோன் ஒரு வர்க்கமாகிவிடுவான். ஒடுக்கப்பட்டோன் ஒரு பதாகையாகிவிடுவான். இருவர் ஆத்துமாவும் கணக்கில் வராது. எங்கள் சபையார் ஒருவர் களத்தில் கூலிநெல்லைக் குறைமரக்காலால் அளந்துவந்தார். ஐயா அக்களத்துக்குப் போனார். மரக்காலைக் கையிலெடுத்தார், ஆலயக் கலயத்தருகே வைக்கும் தம் படியால் அதில் நெல்லை அளந்து கொட்டினார், குறை தெரிந்தது. "ஐயா, திருவிருந்துக்கு வருமுன் இதைச் சரிசெய்யும்" என்று மட்டும் சொல்லி அழுதார். மூன்றாம் நாள் அந்நிலக்காரர் தாமே வண்டி கட்டி, குடிசை குடிசையாய்ச் சென்று குறைந்த நெல்லை அளந்து கொடுத்தார். கொடி ஏறவில்லை. ஒரு மனிதன் திரும்பினான்; இருபது அடுப்பு எரிந்தது.

எம் பக்கம் பழியில்லை என்னேன். ஆலயத்துக்குள் சாதியைக் கொண்டுவந்தோம். கல்லறையிலும் கோடு கிழித்தோம். இடதுசாரியார் எம்மைச் சுட்டியபோது அவர் விரல் பொய் சொல்லவில்லை. ஆனால் அந்நோய்க்குப் பாவம் என்று பெயரிடாமல் மருந்து எங்ஙனம் இடுவது? ஆத்துமாவைப் பேசியவர் உடலை மறந்தார் என்பார் டோனாவூருக்குப் போய்ப் பார்க்கட்டும். ஏமி கார்மைக்கேல் அம்மையார் 1951இல் மறையும்வரை அணைத்து வளர்த்த பிள்ளைகள் எத்தனை! 1974இல் லோசான் மாநாட்டில் கூடிய நற்செய்தியாளரும், சமூகக் கடமை எமக்குண்டு, ஆயின் அரசியல் விடுதலையே இரட்சிப்பு ஆகாது என்று எழுதிவைத்தனர். ஐயா அந்த ஏட்டைக் கண்டதில்லை. அதைத் தம் படியால் அளந்து வாழ்ந்தார்.

இன்று பிரசங்க பீடத்தில் கட்டமைப்பும் அதிகாரமும் விளிம்பும் முழங்குகின்றன. சிலுவையைச் சொல்வார் அருகினர். "நீ மனந்திரும்பினாயா?" என்று என் முகம் பார்த்துக் கேட்பார் ஒருவருமில்லை. அந்தோ, கேளாமையால் என் செவி எவ்வளவு வறண்டது!

ஆராதனை முடிந்து மூலைக்குப் போனேன், ஐயா. கலயத்துள் ஒட்டடை. துடைத்தேன். வீட்டில் உலை கொதித்தது. பழக்கம் விடாத கை ஒரு பிடியை ஒதுக்கியது. முறத்திலிட்டுக் கல் பொறுக்கினேன். பிடி இருக்கிறது. சனிக்கிழமையும் வருகிறது. வாங்கிப்போகும் கைதான் அற்றுப்போயிற்று.