ஒதுக்கீட்டில் இல்லாத பெயர்

ஜூன் 5, 2022, ஞாயிறு. பள்ளிகொண்டா

மூன்று மூட்டை, ஒரு கிரைண்டரோடு சித்தி வந்து இறங்கினார். வடசென்னையில் அவர் இருந்த குடிசை மாற்று வாரியக் குடியிருப்பை இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டப்போகிறார்கள். போன டிசம்பர் 27 அன்று திருவொற்றியூர் அரிவாக்குளத்தில் 24 வீடுகள் சரிந்ததிலிருந்து பழைய பிளாக்குகளில் யாருக்கும் தூக்கம் இல்லையாம். முன்கூட்டியே வெளியே வந்ததால் அங்கே எல்லோரும் பிழைத்தார்கள். சித்தி இருந்த பிளாக் அதைவிடப் பழசு. இடிக்கத்தான் வேண்டும், அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை.

ஜூன் 7, செவ்வாய்

காலி செய்யும் குடும்பத்துக்குக் கருணைத் தொகை 24,000 ரூபாய். கட்டி முடிக்க ஒன்றரை வருஷம் என்கிறார்கள். வகுத்தால் மாசம் 1,333. அந்த வாடகைக்குச் சென்னையில் மாடிப்படிக்கு அடியில்கூட விடமாட்டார்கள்.

அதுவும் சித்தி கைக்கு வராது. முத்திரைத்தாளில் எழுதி வாங்கிய வீடு. ஒதுக்கீட்டு ஆணையில் இன்னும் பழைய ஒதுக்கீட்டுக்காரர் பெயர்தான். பணம், புது வீடு இரண்டும் அவருக்கு. இத்தனை வருஷம் கரண்ட் பில் கட்டியவர் சித்தி.

ஜூன் 9, வியாழன்

கம்பெனி பஸ்ஸை விட்டு இறங்கும்போதே இருட்டிவிட்டது. சாப்பிட்டபின் பேச்சு கண்ணகி நகர், பெரும்பாக்கம் பக்கம் போனது. "அங்க தூக்கிப் போடாம இருந்தாங்களே, அதுவே பெருசு" என்றார் சித்தி. நியாயம்தான். 2000க்குப் பிறகு ஊருக்கு வெளியே கொண்டுபோய் விட்டவர்களில் எத்தனையோ பெண்களுக்கு வீட்டுவேலை பறிபோனது. அதே இடத்தில் திரும்பக் கட்டுவது எவ்வளவோ மேல்.

ஆனால் புளியந்தோப்பு கே.பி. பார்க்கிலும் அப்படித்தான் கட்டினார்கள். 2021இல் கைவைத்தால் பூச்சு உதிர்ந்தது. ஐஐடியை விட்டு ஆய்வு செய்யவேண்டி வந்தது.

ஜூன் 14, செவ்வாய்

எதிர்வீட்டு அக்கா சித்திக்கு ஷூ அப்பர் தைக்கக் கொண்டுவந்து கொடுத்தார். ஜோடிக்குப் பத்து ரூபாய்கூடத் தேறாது. கீழ்ப்பாக்கத்தில் இரண்டு வீட்டில் சமைத்த கை. ஊசி விரலைக் குத்துகிறது. நடந்துபோகிற தூரத்தில் வேலை, கடன் தரும் மளிகைக்கடை, சீட்டு பிடிக்கும் அம்மா: இதற்கெல்லாம் எந்த அதிகாரி தொகை போடுவார்? முறையான ஆணை வைத்திருப்பவருக்கும் இதே நஷ்டம்தானே.

ஜூன் 18, சனி

கீழ்ப்பாக்கத்து வீடு ஒன்றில் வேறு ஆள் வைத்துவிட்டார்கள்.

சாயங்காலம் பழைய ஒதுக்கீட்டுக்காரரின் மகன் போன் செய்தான். வீடு வரட்டும், பேசிக்கலாம் என்றானாம். சித்தி இதை நல்ல சேதி என்கிறார். எனக்கு அவன் பேச்சே பிடிக்கவில்லை. திங்கள்கிழமை லீவு சொல்லியிருக்கிறேன். முத்திரைத்தாளை எடுத்துக்கொண்டு வேலூரில் ஒரு வக்கீலைப் பார்க்கவேண்டும்.